விடியல் தண்ணீர்

அன்று தொட்டி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகத்தை நடத்தும் பெரியக்கா. பம்பும் குழாய்களும் பார்த்துக்கொள்ளும் அவருடைய நடுத்தம்பி. இறந்துபோன கடைசித் தம்பியின் மனைவி. சிப்பி வளர்ப்பவர்கள் எல்லாருக்குமாகப் பேச வந்த தாடிக்காரர். கடல் ஆய்வு நிலையத்திலிருந்து, தண்ணீரைச் சோதிக்கும் மீட்டரும் கையுமாக வந்திருந்த பெண். வேறு யாரும் இல்லை. தாங்களும் கூட இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

பெரியக்கா முதல் தொட்டியின் விளிம்பில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்திருந்தார். குஞ்சு உயிரோடிருக்கும் தொட்டியில் வெளிச்சம் உள்ளே போகாது. புகை மாதிரி ஏதோ எழும்பும், சுழலும், வெளிச்சத்தை விட்டு விலகும், மறுபடி கூடும். ஒன்றொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு. கோடிக்கணக்கில் சேரும்போதுதான் அந்தப் புகை. இந்தத் தொட்டியில் வெளிச்சம் நேரே அடித்தரைக்குப் போய்விட்டது. அங்கே, வடிகால் மூடியைச் சுற்றி, மாவு சிந்தியது போல் வெள்ளையாக ஒரு படலம். அவ்வளவுதான். செத்த தொட்டி நாறும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. செத்த தொட்டிதான் சுத்தமாக இருக்கும். அள்ளிக் குடிக்கலாம் போலிருக்கும்.

"போச்சு," என்றார் பெரியக்கா.

"எல்லாமா?" என்றான் நடுத்தம்பி.

"கண்ணு இருக்கில்ல, நீயே பாரு."

அவன் பார்க்கவில்லை. இந்தப் பருவம் முழுக்கப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சலித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தாய்ச் சிப்பிகள் முட்டையிட்டன. முட்டை கருவுற்றது. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு பக்கம் நேர்க்கோடும் மறுபக்கம் வளைவுமாக அரை நிலா போல் இருக்கவேண்டிய ஓடு, கோணிக்கொண்டு, விளிம்பு அரிக்கப்பட்டு, நடுவில் சதை பிதுங்கி நின்றது. கீல் பொருந்தாத கதவு மாதிரி. அதற்கடுத்த நாள் தொட்டி சுத்தமாகிவிடும்.

அந்தப் பொரிப்பகத்தின் தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு. அவர்களுடைய அப்பா அதைத் தொடங்கியபோதே வகுத்த முறை அது: கடல் தண்ணீரை விடியற்காலையில் மட்டும்தான் இழுக்க வேண்டும். ராத்திரி முழுக்க அலை அடங்கி, வண்டல் படிந்து, தண்ணீர் சில்லென்று, கண்ணாடி மாதிரி இருக்கும் நேரம். அவர் வாளியில் கையை விட்டுப் பார்ப்பார். அடியில் விரல் நகம் தெளிவாகத் தெரிந்தால்தான் வால்வைத் திறக்கச் சொல்வார். வெயில் ஏறிய பிறகு பாசி கலந்து பச்சையாக வரும் தண்ணீரை அவர் சாக்கடை என்றே சொன்னார். கடலில் கூடை கட்டி வளர்க்க விதைச் சிப்பி வாங்குகிறவர்கள் மற்ற இடங்களில் பேரம் பேசுவார்கள்; இங்கே பேசமாட்டார்கள். 'அந்த வீட்டு விடியல் தண்ணீர்' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்பா போன பிறகும் பெரியக்கா அந்த முறையில் ஒரு இம்மி விலகவில்லை. கல்யாணம்கூட வேண்டாம் என்று இருந்துவிட்டார். விடியற்காலையில் கடலுக்குப் போகிற பெண்ணை எந்த வீட்டில் ஏற்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அது முழுக்கச் சிரிப்பு அல்ல.

குஞ்சுகள் முதன்முதலில் சாகத் தொடங்கியபோது தொட்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவன் கடைசித் தம்பி. தண்ணீர் மாறவில்லை, முறை மாறவில்லை, ஆகவே ஆள்தான் சரியில்லை என்று பெரியக்கா முடிவு செய்தார். வளர்ப்பவர்கள் கூடியிருந்த இடத்தில் எழுந்து நின்று, "அவன் கவனம் போதல. இனி தொட்டி அறைக்குள்ள வரமாட்டான்," என்று சொன்னார். குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஊர் அதை வாங்கி, வளர்த்து, குடி என்றும் தூக்கம் என்றும் சேர்த்துக்கொண்டது. கடைசித் தம்பி துறைமுகத்தில் மணல் அள்ளும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு மூடுபனிக் காலையில் தளத்திலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். உடல் கிடைத்தது. அடக்கம் மரியாதையோடு நடந்தது. அவன் மனைவி அதே பொரிப்பகத்தில், அவன் விட்ட வேலையிலேயே நின்றாள். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. குஞ்சுகள் அதற்குப் பிறகும் செத்தன.

தாடிக்காரர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அக்கா, உங்க முகத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தோம். எங்க கூடையெல்லாம் காலியா தொங்குது. விதை இருக்கா இல்லையா, ஒத்த வார்த்தை சொல்லிடுங்க. நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

"தாராளமா பாருங்க. இந்தத் தண்ணி எங்க கிடைக்குதுன்னு பாருங்க."

"தண்ணிய யாரு குறை சொன்னா? எல்லாம் அந்தச் சின்னவர் தொட்டிகள்ல என்னத்தக் கலந்தாரோ, அதுதான் இன்னும் விடாம..." தாடிக்காரர் பாதியில் நிறுத்தினார். மூலையில் வலைத்துணியை அலசிக்கொண்டிருந்த சின்னவன் மனைவியின் கை நின்றுவிட்டிருந்தது. ஆனால் தாடிக்காரர் பேச்சை விழுங்கிப் பழகியவர் அல்ல. "தப்பா எடுத்துக்காதம்மா. ஊரே சொல்றதுதான்."

"ஊரு சொல்லட்டும்," என்றாள் அவள், பெரியக்காவைப் பார்த்தபடி. "ஊருக்கு யாரு சொன்னாங்கன்னு அண்ணிக்குத் தெரியும்."

பெரியக்கா டார்ச்சை அணைத்தார்.

அப்போதுதான் ஆய்வு நிலையத்துப் பெண் வாய் திறந்தாள். நடுத்தம்பிதான் அவளை வரவழைத்திருந்தான். அக்காவிடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று சொல்லாமலே வரவழைத்திருந்தான். கொஞ்ச நாளாகவே காலையும் மாலையும் உறிஞ்சு குழாயின் வாயில் அவள் மீட்டரை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது பெரியக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

"தொட்டியில ஒண்ணும் கலக்கலைங்க," என்றாள் அவள். "தண்ணிதான் காரணம்."

"எங்க தண்ணியா?" பெரியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இந்தத் தண்ணில நகம் தெரியும்."

"தெரியும்மா. அழுக்கு இல்ல. ஆனா அமிலம் ஏறியிருக்கு. நாம எரிக்கிற கரி, டீசல், பெட்ரோல், எல்லாப் புகையும் மேல போயிடுதுன்னு நினைக்கிறோம். அந்தப் புகைல இருக்கிற கரியமில வாயுல கால்வாசியைக் கடல் குடிச்சுக்குது. குடிச்சது தண்ணியோட சேர்ந்து லேசா அமிலமாகுது. நாக்குல வச்சா தெரியாது."

"என் நாக்குக்குத் தெரியாதது குஞ்சுக்குத் தெரியுமாக்கும்."

"குஞ்சுக்குத்தான் தெரியும். பெரிய சிப்பி தாக்குப்பிடிச்சிடும். பிறந்த குஞ்சு முதல் ரெண்டு நாள் ஒண்ணும் சாப்பிடாது. தாய் முட்டைக்குள்ள வச்சுக் கொடுத்த கொழுப்புதான் அதுக்குக் கட்டுச்சோறு. அதைச் சாப்பிட்டுக்கிட்டே ஓடு கட்டணும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சரக்கைத் தண்ணில இருக்கிற அமிலம் முந்திக்கிட்டுப் பிடிச்சுக்குது. அதனால கட்டுறதுக்கு ரெண்டு மடங்கு உழைக்குது. வீடு கட்டி முடியறதுக்குள்ள சோறு தீர்ந்துடுது."

தாடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டார். "மேடம் நல்லாத்தான் கதை சொல்றாங்க. பம்ப் பார்க்கிறவன் தூங்கினதுக்குக் கடல் மேல கேஸ் போடறாங்க."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "இன்னொண்ணு இருக்குங்க. கரையிலேர்ந்து காத்து அடிக்கிற பருவத்துல மேல் தண்ணி வெளிய தள்ளிட்டுப் போகும். அந்த இடத்துக்கு அடியாழத்துத் தண்ணி ஏறி வரும். சில்லுனு, தெளிவா, நீங்க விரும்புற மாதிரியே இருக்கும். அதுலதான் அமிலம் ரொம்ப ஜாஸ்தி. ராத்திரி வெளிச்சம் இல்லாம பாசியும் மூச்சு மட்டும் விடுதா, விடியும்போது உச்சத்துல இருக்கும். வெயில் ஏறினா பாசி அந்த வாயுவைத் தின்ன ஆரம்பிக்கும். வெயில் சாயற நேரத்துல தண்ணி பச்சையா, கலங்கலா இருக்கும். ஆனா குஞ்சுக்கு அந்தத் தண்ணிதான் பிழைப்பு."

அப்பாவின் தண்ணீர் கொல்லும், அவர் சாக்கடை என்று சொன்னது காப்பாற்றும். அந்தப் பெண் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டாள்.

"எங்க அப்பா பைத்தியக்காரர்னு சொல்ல வர்றியா?"

"இல்லைங்க. அவர் காலத்துக்கு அது சரி. இப்ப அடியிலேர்ந்து ஏறி வர்ற தண்ணி கடைசியா வெளிக்காத்தைப் பட்டு முப்பது நாப்பது வருஷம் இருக்கும். அப்ப காத்துல இருந்ததைக் குடிச்சுட்டு ஆழத்துல இறங்கிச்சு. இத்தனை காலம் இருட்டுல நகர்ந்து வந்து இப்பதான் ஏறுது."

"அப்பா அந்த டீசல் எஞ்சின் வாங்கின சமயம்," என்றான் நடுத்தம்பி. "கரும்புகையா கக்குமே. நம்ம வீட்டுப் புகையும் இதுல கொஞ்சம் இருக்கும்போல." சிரிக்க வைக்கச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

பெரியக்காவுக்கு அந்த எஞ்சின் ஞாபகம் இருந்தது. அதன் பக்கத்தில் கை கட்டி நின்ற அப்பாவும் ஞாபகம் இருந்தது. அவர் மூச்சு விட்ட காற்றைக் குடித்த தண்ணீர் இந்தத் தொட்டியில் நிற்கிறது, இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது தொட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "இன்னைக்குக் காத்துல இருக்கிறது?" என்று கேட்டார்.

"அதுவும் இறங்கிட்டுத்தான் இருக்கு. நமக்குப் பிறகு ஏறும்."

அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. கடைசித் தொட்டியின் சுவரில், விரல் முட்டியால், இரண்டு தட்டு.

ஆய்வு நிலையத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். "யாரோ கதவைத் தட்டறாங்க."

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும்," என்றான் நடுத்தம்பி.

"பம்ப் ஓடலையே."

கடைசித் தம்பிக்கு அந்தப் பழக்கம் இருந்தது. தொட்டி அறைக்குள் நுழையும்போது ஒவ்வொரு தொட்டியையும் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவான். குஞ்சுகளுக்கு வந்துட்டேன்னு சொல்லணுமில்ல என்பான். அவன் போன பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று வெளியாள் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

சின்னவன் மனைவி வலைத்துணியை வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். அவர் ஒரு தடவை தூங்கிப்போய் விடியல்ல தண்ணி இழுக்காம விட்டுட்டார். அப்புறம் பயந்துபோய் சாயங்காலம் இழுத்துத் தொட்டிய ரொப்பி முட்டைய ஊத்தினார். அந்தத் தொட்டியோட வடிகாலை நீங்கதான் திறந்து விட்டீங்க."

"ஆமா. முறை தப்பின தண்ணி."

"வீட்டுக்கு வந்து சாப்பிடாம உக்காந்திருந்தார். 'நீந்துச்சுடி, அக்காகிட்ட சொன்னேன், பாக்கலை'ன்னார். ஊரு அவரைக் குடிகாரன்னுது, தூங்குமூஞ்சின்னுது. எல்லாத்தையும் கேட்டுட்டு இங்கேயே வேலை பார்த்துட்டிருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு அந்தத் தொட்டில உயிர் இருந்துச்சா, இல்லையா? நீங்க சொன்னா ஊரு கேட்டுக்கும். நீங்க சொன்னாத்தான் கேட்டுக்கும்."

பெரியக்கா நிமிர்ந்து நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். "உன் புருஷன் பேரு எங்க வீட்டுப் பேருதான். அதை நடு அறையில வச்சுப் பேச வேண்டாம்," என்றார். பிறகு நடுத்தம்பி பக்கம் திரும்பினார். "தாய்ச் சிப்பி இன்னும் எத்தனை இருக்கு?"

"ஒரு தடவை முட்டை வைக்க இருக்கு. அவ்வளவுதான்."

"தொட்டிய அலசி வை. இன்னைக்கு வெயில் சாயும்போது இழு."

தாடிக்காரர், "அக்கா, அப்பா முறையா விடறீங்க?" என்றார்.

"நீங்க ரெண்டு நாள் கழிச்சு வாங்க. அதுக்கு முன்னால வேற இடம் போனீங்கன்னா திரும்ப வரவேண்டாம்."

ஆய்வு நிலையத்துப் பெண் தயங்கிக்கொண்டே, சலவைச் சோடா கொஞ்சம் அளந்து கரைத்து விட்டால் அமிலம் இன்னும் அடங்கும் என்றாள்.

"குஞ்சை வளர்க்கச் சொன்னா துவைக்கச் சொல்றியே," என்றார் பெரியக்கா. ஆனாலும் நடுத்தம்பியைக் கடைக்கு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் குழாயில் வந்த தண்ணீர் பச்சையாக இருந்தது. பெரியக்கா வாளியில் கையை விட்டார். மணிக்கட்டுக்குக் கீழே கை தெரியவில்லை. வெதுவெதுப்பாக, யாரோ இப்போதுதான் குளித்துவிட்டுப் போனது போல் இருந்தது. வடிகட்டி எடுத்தார்கள், சோடாவைக் கரைத்தார்கள், முட்டைகளை ஊற்றினார்கள். முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பெரியக்கா தொட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அவர் தனியாக இருந்தபோது நடந்ததை அவர்தான் அறிவார். அவர் பின்னாளில் குடும்பத்துக்குச் சொன்னது இது. தட்டும் சத்தம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, வேறொரு சத்தம் மனதுக்குள் ஓடத் தொடங்கியது. முன்பொரு நாள் இதே அறையில் அவர் வடிகால் மூடியைப் பிடுங்கியபோது தண்ணீர் இறங்கிய சத்தம். கடைசித் தம்பி பின்னால் நின்று, "அக்கா, ஒரு தடவை பாருக்கா. நீந்துது பாரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அக்கா பார்க்கவே இல்லை என்றுதான் அவன் சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் மூடியைத் தேட டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தார். வெளிச்சம் உள்ளே போகவில்லை. புகை எழும்பியது, சுழன்றது, வெளிச்சத்தை விட்டு விலகியது. முறை தப்பிய தண்ணீரில் உயிர் இருக்க முடியாது, இருந்தாலும் அது வீட்டுக் குஞ்சு ஆகாது என்று நினைத்தபடியே மூடியை இழுத்தார். புகை கடைசிவரை எதிர்த்து நீந்தியது. பிறகு குழாய் வாயில் ஒரு தடவை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தொட்டி சுத்தமாகிவிட்டது.

அந்த இரண்டு நாளும் அவர் டார்ச்சைக் கையில் எடுக்கவில்லை. மற்றவர்களையும் எடுக்கவிடவில்லை.

தாடிக்காரர் சொன்னபடி வந்தார். ஆய்வு நிலையத்துப் பெண்ணும் வந்தாள். நடுத்தம்பி நுண்ணோக்கியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தான். சின்னவன் மனைவி கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்து வைத்துவிட்டு, தானே முதலில் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னம்மா, சொல்லேன்," என்றார் தாடிக்காரர்.

அவள் விலகி, பெரியக்காவுக்கு இடம் விட்டாள்.

பெரியக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அரை நிலாக்கள். ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் வளைவாக, கண்ணாடி மாதிரி ஓடு. அதன் விளிம்பில் மயிரிழைகள் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்று வட்டத்தைக் குறுக்கே கடந்து போயிற்று. இன்னொன்று அதன் மேல் மோதி, தடுமாறி, வேறு பக்கம் திரும்பியது. எல்லாம் அவரைத் தேடி வந்தவை போலிருந்தன. அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. தான் முன்பே பார்த்தவற்றை மறுபடி பார்ப்பது போல், போனவை திரும்பி வந்து கேள்வி கேட்பது போல் இருந்தது.

"இருக்கா?" என்றார் தாடிக்காரர். "அக்கா, நல்லா இருக்கா?"

"இருக்கு. உங்க கூடைக்கு விதை வரும்." பெரியக்கா நிமிர்ந்தார். புடவைத் தலைப்பைத் தோளில் சரி செய்துகொண்டார். "போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. போற இடத்துல எல்லாம் சொல்லுங்க. எங்க கடைசித் தம்பி சாயங்காலத் தண்ணி இழுத்தான். அது சரியான தண்ணி. அவன் வளர்த்த குஞ்சு உயிரோட இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் திறந்து விட்டேன்."

நடுத்தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான். தாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

சின்னவன் மனைவி மட்டும் பெரியக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பார்த்தீங்களா, அண்ணி," என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

"பார்த்தேன்."

"அவர்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

சின்னவன் மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, வலைத்துணி கிடந்த வாளிக்குத் திரும்பிப் போனாள். அழவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். மறுநாளும் வேலைக்கு வந்தாள். பெரியக்காவோடு வேலையைப் பற்றிப் பேசுவாள். வேறு எதுவும் பேசுவதில்லை.

ஆய்வு நிலையத்துப் பெண் இப்போதும் வந்து மீட்டரை இறக்கிப் பார்க்கிறாள். ஒவ்வொரு பருவமும் நல்ல தண்ணீர் கிடைக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வருவதாகச் சொல்கிறாள். பெரியக்கா அதைக் கேட்டுக்கொள்கிறார். விடியற்காலையில் அவருக்கு இன்னும் விழிப்புத் தட்டிவிடும். குழாயின் வாய் இருக்கும் இடம் வரை நடந்து போய், நகம் தெரியும் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்.

ஊரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. அந்த வீட்டார் தங்கள் கடலை நம்பாமல், யாருக்கும் தெரியாமல் வேறொரு கரையிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சு வளர்க்கிறார்கள் என்று. அது பொய். எந்த லாரியும் வரவில்லை. தண்ணீர் அதே குழாயில், அதே கடலிலிருந்துதான் வருகிறது.